கையில் பியர், வயது 17: சட்டம் யாரைப் பிடிக்கும்?

பரந்தன் சந்தியில் 17 வயதுப் பெடியன் ஒருவன், பாடசாலைப் பைக்குள் இரண்டு பியர் டின்னோடு பொலிஸிடம் அகப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன நடக்கும்? கிளிநொச்சிச் சந்தையில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். "மறியல்தான்" என்பார் ஒருவர். "ரெண்டு அடி போட்டிட்டு விட்டிடுவாங்கள்" என்பார் இன்னொருவர். கனடாவிலிருந்து போனில் பேசும் மாமா, "ரெக்கோட்டில விழுந்திடும், பிறகு விசா எடுக்கேலாது" என்பார். முதல் இரண்டும் சட்டத்தில் இல்லாதவை. மூன்றாவது அரைகுறை உண்மை.

வன்னியில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. போர் முடியும்வரை இந்தப் பகுதியின் பெரும்பாகத்தில் விடுதலைப் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும்தான் இயங்கின. வயதானவர்கள் "அப்ப இப்பிடியில்லை, அகப்பட்டால் தெரியும்" என்று தொடங்கும்போது வேறொரு நிர்வாகத்தின் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். இளசுகளோ யூடியூப்பில் அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நீதிமன்றங்களில் நடைமுறையில் இருக்கும் இலங்கைச் சட்டம் இந்த இரண்டும் இல்லை.

21 என்ற எண் எங்கிருந்து வந்தது

மதுபானசாலைச் சுவரில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பனை இல்லை என்ற அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். அது முதலாளியின் நல்லெண்ணத்தால் ஒட்டப்பட்டதல்ல. புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம். அதன் 31 ஆம் பிரிவின்படி, 21 வயது நிரம்பாத எவருக்கும் சிகரெட்டோ மதுவோ விற்கக் கூடாது, விற்க முன்வரவும் கூடாது. தானாக விற்பதும் குற்றம், இன்னொருவரை வைத்து விற்பதும் குற்றம். அந்த அறிவித்தலைக் கண்ணில் படும்படி வைப்பதும் கடைக்காரரின் கடமை. மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு.

இந்தப் பிரிவு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். விற்கிறவரை. வாங்குகிறவருக்கோ, பையில் வைத்திருப்பவருக்கோ, குடித்தவருக்கோ அதில் ஒரு தண்டனையும் எழுதப்படவில்லை. அதாவது 17 வயதுப் பெடியனின் கையில் சட்டபூர்வமான பியர் டின் இருந்தால், 21 வயது விதியை மீறிய குற்றவாளி அவனல்ல. அதை அவனுக்கு விற்றவர். பொலிஸ் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எங்க வாங்கினனீ?" என்பதுதான்.

எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது. நடைமுறையில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலின் பின்னால் கடைவரை போகிறவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல். பெடியனைப் பிடிப்பது சுலபம். அவன் சந்தியிலேயே நிற்கிறான்.

"வயது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சில கடைக்காரர்கள் கேட்பார்கள். இப்போது தேசிய அடையாள அட்டையை 15 வயதிலேயே எடுக்கலாம். புதிய 12 இலக்க அட்டையில் முதல் 4 இலக்கங்களும் பிறந்த ஆண்டுதான். அடுத்த 3 இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். சீருடையைக் கழற்றி ரீசேட்டை மாட்டிக்கொண்டு வந்த உயர்தர மாணவனுக்கு அதனால் 21 வயது ஆகிவிடாது என்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

இடையில் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் மதுவரி அறிவித்தல் ஒன்று 1979 இல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். அந்த விதி சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அதுவும் விற்கிறவரைக் கட்டுப்படுத்தித்தான் எழுதப்பட்டது. மது விடயத்தில் இலங்கைச் சட்டம் பெரும்பாலும் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைத்தான் பிடிக்கிறது.

18 இலிருந்து 21 வரை ஒரு விநோதமான இடைவெளி இருக்கிறது. 18 இல் ஒருவர் வளர்ந்தவர். வாக்குப் போடலாம், ஒப்பந்தம் செய்யலாம், வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். வழக்கு வந்தால் பெரியவரைப் போலவே கூண்டில் நிற்க வேண்டும். ஆனால் கடையில் ஒரு பியர் வாங்க முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் இருக்கிற 19 வயதுக்காரர் பலர் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். இவர்களுக்கு 21 வயது விதியின் பாதுகாப்பும் உண்டு, பெரியவருக்குரிய பொறுப்பும் உண்டு.

அப்ப பெடியன் தப்பிவிட்டானா?

இல்லை. வயதை வைத்துப் பிடிக்காத சட்டம், வேறு நாலு வழியால் பிடிக்கும். கையில் இருப்பது என்ன மது, எவ்வளவு, அதை வைத்து என்ன செய்தான், எங்கே எப்படி நின்றான் என்பவைதான் முக்கியம்.

முதலாவது, வன்னியில் மிக ஆபத்தானது: கசிப்பு, அதாவது அனுமதியில்லாமல் வடிக்கிற சாராயம். இலங்கையில் மதுவைத் தயாரிப்பது, கொண்டுசெல்வது, வைத்திருப்பது, விற்பது எல்லாவற்றையும் ஆள்வது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தது, பலமுறை திருத்தப்பட்டது, இன்றும் அதுதான். அந்தச் சட்டத்தில் அனுமதியில்லாமல் வடித்த மதுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 15 வயதா 50 வயதா என்று அது பார்க்காது. ஒரு போத்தல் கசிப்பும் குற்றம்தான், ஒரு கான் நிறைய இருந்தாலும் குற்றம்தான். தண்டனையின் அளவுதான் மாறும். காட்டுக்கரையிலும் ஆற்றோரத்திலும் குளத்துப் பற்றைக்குள்ளும் பரலில் ஊறுகிற கோடாவும் (வடிப்பதற்காகப் புளிக்கவிடும் கலவை) இதற்குள் அடங்கும்.

இதில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். வடிக்கிறவர் தானே எடுத்துக்கொண்டு போவதில்லை. சைக்கிளில் போகிற பெடியனிடம் ஒரு பையைக் கொடுத்து "இதைக் கொண்டுபோய் அந்த வீட்டில குடு, காசு தாறன்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளையைப் பொலிஸ் மறிக்காது என்பது அவருடைய கணக்கு. மறித்தால்? பை பெடியனின் கையில். வடித்தவர் வீட்டில். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொண்டுபோனான் என்பது நல்ல வாதம்தான், ஆனால் அதை ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்; சந்தியில் நின்று அழுது சொல்லிப் பயனில்லை. பியர் டின்னை மறைத்துவைத்த மகனைவிட, ஆருக்கோ பை தூக்கிக் கொடுக்கிற மகனைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் பயப்பட வேண்டும்.

கள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனையும் தென்னையும் நிற்கிற ஊரில் கள்ளை யாரும் மது என்றே நினைப்பதில்லை. சட்டம் நினைக்கிறது. சீவுவதற்கும் அனுமதி வேண்டும், விற்பதற்கும் அனுமதி பெற்ற தவறணை வேண்டும். சுண்ணாம்பு இட்டு இறக்கும், புளிக்காத பதநீர் வேறு கதை. அதை எந்த வயதிலும் குடிக்கலாம்.

இரண்டாவது, விற்பனை. போயா நாளில் மதுபானசாலைகள் பூட்டு. அதற்கு முதல் நாள் நாலைந்து சாராயப் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, போயாவன்று விலை கூட்டி விற்பதை ஏதோ கெட்டித்தனம்போல ஊரில் பேசுவார்கள். அனுமதியில்லாத விற்பனை மதுவரிச் சட்டத்தில் குற்றம். விற்பவருக்கு 18 ஆகவில்லை என்பதால் அது குற்றம் இல்லாமல் போகாது. சட்டபூர்வமான சாராயம் என்றாலும் அனுமதியில்லாமல் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வர்த்தமானியில் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் அதுவே தனிக் குற்றம்.

மூன்றாவது, வீதி. இதை நீட்ட வேண்டியதில்லை, ஏ9 வீதியில் நடக்கும் விபத்துகளே போதும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது வேண்டும். 17 வயதுக்காரர் ஓடினாலே குற்றம். வாகனத்தைக் கொடுத்த தகப்பனோ தமையனோ இன்னொரு குற்றவாளி. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுவதற்கும் மதுபோதையில் ஓடுவதற்கும் தனித்தனியே 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதுதான் எல்லை. அந்த நிலையில் யாரையாவது மோதினால் பேச்சு வேறு, அது தண்டத்தோடு முடிகிற விடயமல்ல.

நான்காவது, நடத்தை. போதையில் பொது இடத்துக்கு வந்து மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 488 ஆம் பிரிவில் குற்றம். சிறியதுதான். ஆனால் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கைகலப்பாக மாறினால் அதோடு காயப்படுத்தல், சொத்துச் சேதம் என்று பிரிவுகள் வரிசையாகச் சேரும்.

பிடிபட்ட பிறகு

முதலில் வயதைப் பாருங்கள். குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது இலங்கையில் நெடுங்காலம் 8 ஆக இருந்தது. 2018 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அதை 12 ஆக்கினார்கள். 12 க்குக் கீழே உள்ள பிள்ளை செய்தது எதுவும் சட்டத்தில் குற்றமாகாது. 12 இலிருந்து 14 வரை, செய்ததன் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்ப்பார். தகப்பன் கசிப்பு வாங்க அனுப்பிய 10 வயதுப் பிள்ளைமீது வழக்கு இல்லை. ஆனால் தகப்பன்மீது சிறுவர் கொடுமைக்கான 308அ பிரிவு பாய இடம் உண்டு.

பிள்ளைகளின் வழக்குகளுக்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் தனி நடைமுறை வைத்திருக்கிறது. வன்னியில் தனிக் கட்டடத்தில் சிறுவர் நீதிமன்றம் இல்லை. நீதவான் நீதிமன்றமே அந்த வேலையைச் செய்யும். பிள்ளையை வயதுவந்த எதிரிகளோடு (குற்றம் சாட்டப்பட்டவர்களோடு) சேர்த்து வைக்கக் கூடாது. பெயரையோ முகவரியையோ பாடசாலையையோ பத்திரிகையில் போடக் கூடாது. முகநூலில் "எமது ஊர் மாணவன் மதுவுடன் கைது" என்று படம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிப்பது நல்லது. நீதவான் எச்சரித்து விடலாம், பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் பயப்படாதீர்கள். அவர் எழுதும் அறிக்கையில் பிள்ளையின் படிப்பு, வீட்டு நிலைமை எல்லாம் வரும். அது பெரும்பாலும் பிள்ளைக்கு உதவும். அவரைப் பொலிஸ் என்று நினைத்து ஒளிவதும், பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும்தான் ஊரில் நடக்கும் பிழை.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயணநேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு. அடிப்பதற்குப் பொலிஸில் யாருக்கும், எந்த வயதினர்மீதும், அதிகாரம் இல்லை.

வாக்குமூலம் பற்றித்தான் எங்கள் சனத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். சொன்னதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் பிள்ளையும் கையெழுத்து வைக்கக் கூடாது, பெற்றோரும் வைக்கக் கூடாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றால் வையுங்கள். இன்னொன்று: பொலிஸ் உத்தியோகத்தரிடம் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மதுவரி வழக்குகளில் மதுவரி உத்தியோகத்தரிடம் சொன்னதற்கும் இதே விதி.

இப்போது மாமாவின் "ரெக்கோட்" கதைக்கு வரலாம். சின்ன வழக்குத்தானே, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வருவோம் என்று பலர் அவசரப்படுவார்கள். அன்றைக்கு நேரம் மிச்சம். ஆனால் அது குற்றத்தீர்ப்பு. நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கப் போகும்போது அதைப் பற்றிக் கேள்வி வரலாம். 18 ஐத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 306 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், எதிரியின் வயது, முந்தைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு அளிக்காமலேயே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு அது இடம் தருகிறது. முதல் தடவை மாட்டிய 19 வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. ஆனால் அதை யாராவது கேட்க வேண்டும். தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபின் கேட்டுப் பயனில்லை.

மாமா சொல்வது எந்த நாட்டுச் சட்டம்?

அமெரிக்காவில் 21 வயதுக்குட்பட்டவர் மதுவை வாங்கினாலோ பொது இடத்தில் கையில் வைத்திருந்தாலோ வழக்கு அவர்மீதே வரும். 1984 இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: இந்த இரண்டையும் தடை செய்யாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கை வெட்டுவோம் என்றது. தென் டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987 இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் நின்றது. அதனால்தான் அங்கே பெடியன் கையில் பியர் இருந்தாலே தண்டம், சமூக சேவை, மது பற்றிய வகுப்பு என்று வரும். பல மாநிலங்களில் வாகன அனுமதிப்பத்திரமும் போகும், அவன் வாகனம் ஓடியிருக்காவிட்டாலும்கூட.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்: ஒன்ராறியோவில் 19, கியூபெக்கில் 18. பிரித்தானியாவில் வாங்கும் வயது 18. ஜெர்மனியில் பியருக்கும் வைனுக்கும் 16, சாராயம் போன்றவற்றுக்கு 18. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 21, பக்கத்துப் புதுச்சேரியில் 18. ஒரே குடும்பம் அத்தனை நாட்டிலும் சிதறிக் கிடக்கும்போது தொலைபேசியில் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்வது இயல்புதான். எந்த மண்ணில் நின்று அகப்படுகிறாரோ அந்த மண்ணின் சட்டம்தான் அவரைப் பிடிக்கும். விடுமுறைக்குக் கிளிநொச்சி வரும் 18 வயது லண்டன் மச்சானுக்கும் இங்குள்ள கடையில் விற்கக் கூடாது.

யாரிடம் போவது

பிள்ளைகளுக்கு மது விற்கும் கடையைப் பற்றி மதுவரித் திணைக்களத்திடமோ பொலிஸிடமோ சொல்லலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம், 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பிள்ளையை வைத்துக் கசிப்புக் கடத்துகிறார்கள் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையே பிடிபட்டிருந்து, சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் இலவசமாகத் தோன்றும். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பாடசாலை அதிபரின் கடிதம், பொலிஸ் கொடுத்த துண்டு ஏதாவது இருந்தால் அது, வழக்கு இலக்கம் தெரிந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்குத் தவணைக்கு முதல் நாள் பின்னேரம் போய் நிற்காமல், பிடிபட்ட அடுத்த வேலை நாளே போனால் 306 ஆம் பிரிவைக் கேட்பதற்கும் நன்னடத்தை அறிக்கைக்கும் நேரம் கிடைக்கும்.